கருட சேவை நாளில் தென்னேரிக்குப் போகாத பயணம்

1968, வைகாசி மாதம். காலை ஐந்தரை மணி வண்டியில் வேலூரிலிருந்து கிளம்பினேன். காஞ்சிபுரத்துக்குச் சீட்டு இரண்டு ரூபாய் பத்து பைசா. வண்டி ஏற்றிவிட வந்த அண்ணன் ஜன்னலோரம் நின்று, "இன்னைக்கு ஆமாவோ இல்லையோ, ஒண்ணு சொல்லிட்டு வந்துடு. போதகருக்கு நான் பதில் சொல்லணும்," என்றான்.

எனக்கு வயது முப்பத்துநான்கு. பெண்கள் பள்ளியில் தையல் ஆசிரியை. கணவர் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. தென்னேரியில் ஞானமுத்து என்ற ஆசிரியர், மனைவியை இழந்தவர், ஏழு வயது மகளோடு இருந்தார். எங்கள் போதகர் கல்யாணப் பேச்சை எடுத்தார். காஞ்சிபுரத்தில் வண்டி மாறி வரும் என்னை வாலாஜாபாத் நிறுத்தத்தில் பத்தரை மணிக்கு அவர் எதிர்கொண்டு தென்னேரிக்கு அழைத்துப்போவதாக ஏற்பாடு. வழியெல்லாம் ஜெபித்தேன்: "ஆண்டவரே, உமக்குச் சித்தமானால் வழியைத் திறந்துவிடும். இல்லையென்றால் அடைத்துவிடும்."

எட்டேகாலுக்குக் காஞ்சிபுரத்தின் நுழைவில், ஒலிமுகமது பேட்டையில் வண்டி நின்றுவிட்டது.

"எல்லாரும் எறங்குங்க. கருட சேவை. இதுக்கு மேல வண்டி போவாது," என்றார் நடத்துநர்.

வழி அடைபட்டது. பதில் கிடைத்துவிட்டதென்று நினைத்தேன். அதில் ஒரு நிம்மதிகூட வந்தது. அப்படியே திரும்பிவிடலாம் என்று, "வேலூருக்கு எப்ப வண்டி?" என்று கேட்டேன்.

"அதுவும் ரெண்டு மணிக்கு மேலதாம்மா."

போகவும் வழியில்லை, திரும்பவும் வழியில்லை. இதை என்ன பதிலென்று எடுத்துக்கொள்வது? பேருந்து நிலையம் வரை ஒன்றரை மைல் நடந்தேன். தெருவெல்லாம் தலைகள். நீர்மோர்ப் பந்தல்கள். பட்டுப்புடவைகளின் கரையும் உடலும் சேரும் இடத்தைத் தொழில் புத்தியால் கண் தேடிக்கொண்டே போனது. நிலையத்தில் கூரத்திலிருந்து சேவிக்க வந்த ஒரு குடியானவப் பெண் பக்கத்தில் இடம் கொடுத்தாள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து சாலையைப் பார்த்தேன்.

"எத்தினி வாட்டிமா எழுந்துக்கினே இருப்பே? நீ பாத்தா மட்டும் வண்டி வந்துடுதா? உக்காரு," என்று சொல்லி, ஒரு கை புளிச்சோறு இலையில் வைத்தாள்.

பத்தரை ஆனது. பதினொன்று, பன்னிரண்டும் ஆனது. அவர் காத்திருந்துவிட்டுப் போயிருப்பார்.

பன்னிரண்டரைக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் கூட்டத்துக்குள்ளிருந்து வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டே வந்து என் முன்னால் நின்றார்.

"வேலூர் டீச்சரம்மாதானே? நான் ஞானமுத்து."

வாலாஜாபாத்திலிருந்து ஒன்பது மைல் மிதித்து வந்திருக்கிறார். மோர் வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கூச்சத்தோடு சொன்னார்: "பத்தரைக்கு நீங்க வரலைன்னா கர்த்தருக்கு இஷ்டமில்லன்னு எடுத்துக்கறேன்னு ஜெபம் பண்ணிட்டேன்மா. வரல. அப்பறம்தான் ஊர்ல திருவிழான்னு ஒருத்தர் சொன்னாரு. வெக்கமா போச்சு. கூட்டம் வழிய மறிச்சிக்கினு நிக்குது, அதப் போயி கர்த்தரோட பதில்னு எடுத்துக்கினா எப்பிடி?"

நான் சிரித்துவிட்டேன். நானும் அதையேதான் செய்தேன் என்று சொன்னதும் அவரும் சிரித்தார். அதன் பிறகு உண்மையைச் சொல்வது எளிதாக இருந்தது. "எனக்கு இன்னும் ஒண்ணும் தெரியலீங்க. உங்க பொண்ணுக்கு அம்மாவா இருக்க முடியுமான்னு பயமா இருக்குது. வீட்டுல இன்னைக்கே முடிவு கேக்கறாங்க."

அவர் மோர்க் குவளையைக் கீழே வைத்தார். "எனக்கும் முழுசா தெரியலமா. தெரியறவரைக்கும் காத்துக்கினு இருக்கலாமே. கர்த்தர் நம்மள ஒண்ணும் அவசரப்படுத்தலியே. நாமதான் அவரை அவசரப்படுத்திக்கினு இருக்கறோம்."

பல வாரங்களாக நெஞ்சில் இறுகிக் கிடந்தது அப்போது தளர்ந்தது. பதில் கிடைத்ததால் அல்ல. பதில் இல்லாமலும் இருக்கலாம் என்று தெரிந்ததால்.

மூன்று பத்துக்கு வேலூர் வண்டி புறப்பட்டது. தென்னேரியையும் அதன் பெரிய ஏரியையும் பார்க்காமலே திரும்பினேன். ஓச்சேரி தாண்டுவதற்குள் தூங்கிவிட்டேன்.

வேலூரில் அண்ணன் காத்திருந்தான். "என்ன முடிவு?"

"இன்னும் இல்லண்ணா. ஆனா பயம் போயிடுச்சு."

அவனுக்குப் பிடிக்கவில்லை. நானும் ஞானமுத்துவும் எட்டு மாதம் கடிதம் எழுதிக்கொண்டோம். நடுவில் அவர் மகளும் தன் பெரிய எழுத்தில் இரண்டு வரி சேர்த்தாள். தை மாதத்தில் ஒரு மாலை, பள்ளியில் சிறுமிகளின் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு அடையாளமும் இல்லாமல், மனம் அமைதியாக ஒரு பக்கம் நின்றுவிட்டதை உணர்ந்தேன். வீட்டுக்குப் போய்த் தபால் அட்டை எடுத்து ஒரே வரி எழுதினேன்: "இப்போது தெரிகிறது, வருகிறேன்."