கை உயர்த்தாதவர்

எங்கள் உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டுப் பயிற்சியாளருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘பாறை’. அது அவருக்கும் தெரியும்; மறுத்ததில்லை. நான் அதே பள்ளியில் புவியியல் கற்பித்தவன். அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரனும்கூட. மைதானத்திலும் வீட்டிலும் அவர் ஒரே மனிதராகவே இருந்தார். அதுவே பின்னாளில் வினையாயிற்று.

மைதானத்தில் அவர் வகுத்த விதி ஒன்று உண்டு. ஓடுபாதையில் விழுந்தவரை யாரும் தொடக்கூடாது. எழ முடியாதவர் கையை உயர்த்த வேண்டும். உயர்த்திவிட்டால், முதலுதவிப் பெட்டியோடு முதலில் ஓடுபவர் அவராகத்தான் இருப்பார். உயர்த்தும்வரை ஓட்டம் விழுந்தவருடையது.

அந்த விதிக்கு ஒரு காரணம் இருந்தது. இளமையில் அவர் நெடுந்தூர ஓட்டக்காரர். ரயில்வே அணிக்கு ஆள் எடுத்த போட்டியில், முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இடறி விழுந்தார். ஊன்றி எழுந்துகொண்டிருந்தவரை, கூட்டத்திலிருந்து பதறி ஓடிவந்த அண்ணன் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார். பிறர் தொட்ட ஓட்டம் செல்லாது என்று நடுவர் கொடியை அசைத்தார். கிடைக்கவிருந்த ரயில்வே வேலை போயிற்று. அண்ணனோடு பேச்சும் அன்றோடு நின்றது.

பாராட்டிலும் அவர் கருமி. விழுந்து எழுந்து கோட்டைத் தாண்டியவரிடம் “சரி” என்பார். அந்த ஒரு சொல்லுக்காகப் பிள்ளைகள் முழங்கால் தேயத் தேய ஓடினார்கள்.

அவருடைய ஒரே மகளும் அந்த அணியில் ஓடினாள். ஒரு போட்டியில் அவள் குப்புற விழுந்தபோது, பார்வையாளர் வரிசையில் என் அருகில் இருந்த அவள் தாய் எழுந்துவிட்டார்.

“உட்காரு. அவ கை தூக்கலை” என்றார் பயிற்சியாளர், திரும்பிப் பாராமல்.

மகள் எழுந்தாள், கடைசியாக வந்து சேர்ந்தாள், கால் வழியே ரத்தம் இறங்க அவர் முன்னால் வந்து நின்றாள். அவர் அடுத்த ஓட்டத்துக்கு ஆட்களை அழைத்தார். சொந்த மகளைத் தூக்கிப் பேசுகிறார் என்று யாரும் வாய் திறந்துவிடக் கூடாதாம். மனைவியிடம் அப்படித்தான் சொன்னார். மகளிடம் அதுவும் சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற பின் மனைவி காலமானார். அஞ்சலகத்தில் வேலை பார்த்த மகளும் மருமகனும் அவரோடு வந்து தங்கினார்கள். அடுத்து அவருக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் செயலிழந்தது. நடக்கும்போது கூடவே ஓர் ஆள் இருக்க வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இவரோ ஊன்றுகோலோடு நடைக்கூடத்தில் தனியாகவே நடந்தார். ஒருமுறை சாய்ந்து விழ, மகள் ஓடிப்போய்த் தூக்கினாள். அன்று அந்த வீடு அதிர்ந்தது பக்கத்து வீட்டிலிருந்த என் காதுக்கும் கேட்டது.

“நான் கை தூக்கினேனா?”

“இல்லைப்பா.”

“அப்புறம் எதுக்கு வந்தே? எங்க அண்ணன் செத்தும் உன் உருவத்துல வந்து நிக்கிறானா?”

அதன்பின் அவர் விழுந்தபோதெல்லாம் அவள் எட்டவே நின்றாள். அவரும் சுவரைப் பற்றி எழுந்துவிடுவார்.

அந்தக் காலையில் அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நடைக்கூடத்தில் ஊன்றுகோல் உருளும் சத்தம் கேட்டு வந்து பார்த்தாள். அப்பா அவளுக்கு முதுகைக் காட்டிக் குப்புறக் கிடந்தார். நல்ல கை தரையில் நீண்டிருந்தது, விரல்கள் அசைந்தன. ஊன்றுகோலைத் தேடுகிறார் என்று எண்ணி, அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீயை அணைத்தது. அவள் நகரவில்லை.

கடைக்குப் போயிருந்த கணவர் உள்ளே வந்தார். “என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிறே?”

“இன்னும் கை தூக்கலைங்க.”

அவர் பையை வீசிவிட்டு மாமனாரைப் புரட்டினார். முகம் நீலம் பாரித்திருந்தது. இரண்டாவது வாதம் அந்த நல்ல கையையும் கொண்டுபோயிருந்தது. உயர்த்துவதற்கு அவரிடம் கையே இல்லை. வாதத்தைவிட, முகம் தரையில் அழுந்தி மூச்சு முட்டியதே பெருங்கேடு என்றார் மருத்துவர். எவ்வளவு நேரம் கிடந்தார் என்று கேட்டார். அவள் ஒளிக்காமல் சொன்னாள்.

சில நாட்களில் அவருக்கு நாக்கு சற்றே புரண்டது. நான் பார்க்கப் போயிருந்த அன்று, மகள் கட்டிலருகே குனிந்து நின்றிருந்தாள். நான் இருப்பதை அவள் பொருட்படுத்தவில்லை.

“நான் வந்திருக்கணும்ல, அப்பா? திட்டுங்கப்பா. ஒரு தடவை திட்டிடுங்க.”

அவர் வெகுநேரம் வாயைக் கோணிச் சொற்களைக் கூட்டினார்.

“கை... தூக்கலை. நீ... வரலை.” மூச்சு வாங்கினார். “சரி.”

அவள் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“அந்தச் சொல்லைத் திருப்பி எடுத்துக்கோங்கப்பா” என்றாள்.

அவர் எடுத்துக்கொள்ளவில்லை. தன் விதி காப்பாற்றப்பட்ட நிறைவோடு கண்களை மூடிக்கொண்டார். அதற்குப் பின் அவர் பேசவே இல்லை.