சடையன் விட்டுப்போன ஒற்றைச் செருப்பு

சடையன் போய்விட்டான் என்ற செய்தி, எங்கள் மலையின் இன்னொரு பகுதியான வளப்பூர் நாட்டுக்குப் போகும் பஸ்ஸில் நான் ஏறி உட்கார்ந்த பிறகு வந்தது. காலையில் களி தின்ன உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டானாம். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவன். எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டியையும் குழாய்களையும் இருபது ஆண்டுகள் இருவரும் சேர்ந்து பார்த்துக்கொண்டோம்.

துக்க வீட்டில் என் காதில் விழுந்த முதல் பேச்சு, "நல்ல மனுசன்தான், ஆனா மறதிக்காரன், அரைக் கிறுக்கு" என்பது. சொன்னவர்கள் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும்.

ஒரு கோடையில் மேட்டுத் தெருவுக்கு மூன்று நாளாகத் தண்ணீர் ஏறவில்லை. கீழேயிருந்து வந்த பொறியாளர் குழாய் முழுவதையும் தோண்டிப் பார்க்கச் சொன்னார். சடையன் குழாய் போன வழியே நடந்தான். அங்கங்கே குனிந்து காதை வைத்தான். ஒரு பலா மரத்தடியில் நின்று, "இங்கதானுங்க காத்து அடச்சிருக்குது" என்றான். அந்த ஓர் இணைப்பை மட்டும் தளர்த்தினோம். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது; பின்னாலேயே தண்ணீர் வந்தது. அவன் ஸ்பேனரை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டான். மறுநாள் ஊர் பேசியது ஸ்பேனரைப் பற்றித்தான்.

என் பங்கையும் சொல்கிறேன். கோயில் நோன்புக்கு முதல்நாள் அவன் தொட்டி வால்வை மூட மறந்தான். அத்தனை தண்ணீரும் ஓடிவிட்டது. ஊர் கூடியிருந்த இடத்தில் அவனைப் "புத்தி கெட்டவனே" என்று திட்டினேன்.

அதற்குப் பிறகுதான் காலையில் ஒரு காலில் மட்டும் செருப்போடு திரிய ஆரம்பித்தான். ஏன் என்று கேட்டேன்.

"வால்வைத் தொறந்தா ஒரு செருப்பை அங்கயே உட்டுருவேனுங்கண்ணா. ஒத்தச் செருப்போட எத்தன நேரம் நடக்க முடியும்? இன்னொண்ணு எங்கடான்னு காலே கேக்குமுங்க."

அதன்பின் ஒருநாளும் தொட்டி காயவில்லை. ஊர் அவனைப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவனை அப்புச்சி என்று கூப்பிடும் மகள் வயிற்றுப் பேத்தி தர்ஷினி ஆறாம் வகுப்பு. நோட்டைத் தொலைக்கிறாள், பாடத்தில் கவனமில்லை என்று பள்ளியில் புகார் மேல் புகார். அவளை மலையிறக்கி ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனான். சாமான்களைத் தொலைப்பாளா, எடுத்த வேலையைப் பாதியில் விடுவாளா என்று டாக்டர் கேட்டுக்கொண்டே போக, ஒவ்வொன்றுக்கும் இவன், "ஆமாங்க, எனக்கும் அப்படித்தானுங்க" என்றிருக்கிறான். அவளுக்கு இருப்பது ஏ.டி.ஹெச்.டி., கவனம் ஓரிடத்தில் நிற்காத பிறவி இயல்பு, அறிவுக் குறைவு அல்ல, உங்களுக்கும் அதுவே இருக்கலாம் என்றாராம் டாக்டர். திரும்பி வந்ததும் என்னைத் தேடி வந்தான்.

"இதுக்கு ஒரு பேரு இருக்குதுங்கண்ணா. இத்தன வருசமா எனக்கு நானே வெச்சிருந்த பேரு வேற."

அந்த வேறு பேரை ஊரறியச் சொன்னவன் நான்.

துக்க வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருந்தபோது தர்ஷினி வாசலில் தரையைப் பார்த்து நின்றாள். அப்புச்சி செத்துக் கிடக்க இவளுக்குப் புத்தி எங்கேயோ என்று ஒருத்தி முணுமுணுத்தாள். அந்தப் பிள்ளை நேரே என்னிடம் வந்தது.

"தாத்தா, அப்புச்சி செருப்பு ஒண்ணுதான் இங்க கெடக்குது. வால்வு தொறந்திருக்குது."

அத்தனை பேரில் வேறு யாருக்கும் அது தெரியவில்லை. இருபது ஆண்டுகள் கூட இருந்த எனக்கும் தெரியவில்லை. முழங்கால் வலியோடு தொட்டிக்கு ஏறினேன். அவள் முன்னால் ஓடினாள். வால்வின் பக்கத்தில் மற்றொரு செருப்பு இருந்தது. தொட்டியில் கணுக்கால் அளவே தண்ணீர் மிச்சம். மூடினேன். அவனைக் குளிப்பாட்டியது அந்தத் தண்ணீரில்தான். சடையன் மறக்கவில்லை. திரும்பி வர அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

வருகிற திங்கட்கிழமை தர்ஷினியின் தாயைப் பள்ளிக்கு அழைத்திருக்கிறார்கள். இந்தப் பிள்ளைக்கு வேறு இடம் பாருங்கள் என்று சொல்லப் போவதாகக் கேள்வி. சடையன் போய்ப் பேசுவதாக இருந்தான். இனி நான்தான் போகவேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்று, கையில் கிடைத்த தாளையெல்லாம் படித்துத் தேறியவன் நான். அவர்கள் என்னை மதிப்பார்களா? நான் கோபத்தில் கத்தி, அவள் படிப்பையே கெடுத்துவிடுவேனோ? மூன்று நாளாக இதே நினைப்புதான்.

சடையனிடம் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. யாரிடமும் கேட்டுப் பழக்கமும் இல்லை. அவனுடையதாக என்னிடம் இருப்பது வால்வின் பக்கத்தில் எடுத்த அந்தச் செருப்பு ஒன்றுதான். செத்தவன் செருப்பை வீட்டில் வைக்காதே என்கிறார்கள். வைப்பேன். திங்கட்கிழமை தலைமை ஆசிரியர் மேசைமேல் அதை வைத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவேன். பதற்றத்தில் நான் அதை எடுக்காமல் அங்கிருந்து கிளம்பிவிட்டால் நினைவுபடுத்தும்படி ஒருத்தியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தர்ஷினியிடம்.