கொளஞ்சியம்மாள் கண் திறந்த காலை

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம். அரியலூருக்கு மேற்கே ஒரு சிற்றூரில் கடலைக் கொல்லைகளில் களை வெட்டிப் பிழைத்தவள் கொளஞ்சியம்மாள். பெற்ற குழந்தை ஒரு மாதம்கூடத் தங்கவில்லை. அதன் பிறகு அவளுக்குச் சோறு மண்ணாகத் தெரிந்தது; தூக்கமும் போயிற்று. புருஷன் முருகையன் அவளிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் பேசாமலே இருந்தான். சித்திரையில் ஒரு நண்பகல் அவள் கிணற்றில் விழுந்தாள். பக்கத்துக் கொல்லையில் மாடு பூட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த அமாவாசை என்பவர், சத்தம் கேட்டு ஓடிவந்து குதித்து அவளைக் கரையேற்றினார். வண்டி கட்டி அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நெஞ்சில் நீர் கோத்துக் கடும் காய்ச்சல். கமலவேணி என்ற நர்சு கட்டிலை விட்டு நகரவில்லை. புரட்டிப் படுக்க வைத்தாள், முதுகைத் தட்டிச் சளியை வெளியேற்றினாள், காய்ந்த உதட்டைத் துணியால் நனைத்துக்கொண்டே இருந்தாள். உயிரை மாய்க்க முயல்வது அப்போது குற்றம். அதனால் சாமிதுரை என்ற கான்ஸ்டபிள் ஸ்டூல் போட்டு அருகில் காவல் இருந்தார்.

காய்ச்சல் இறங்கிய காலையில் கொளஞ்சி கண் திறந்தாள். கூரை சுழன்றது. கட்டில் மேலே போய்க் கீழே வந்தது. நடுவில் ஒரு பெரிய மீசையும் சிவப்புத் தலைப்பாகையும் மிதந்தன.

"ஐயா, எமலோகத்துலயும் போலீசு இருக்கா?"

சாமிதுரை துள்ளி எழுந்ததில் ஸ்டூல் உருண்டது. "நர்சம்மா! பொண்ணு பேசுது!"

கமலவேணி ஓடிவந்தாள். "இது அரியலூரு, புள்ள."

"வெயிலப் பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

வார்டே சிரித்தது. கொளஞ்சிக்கும் சிரிப்பு வந்தது. விலா வலித்தது, இருமல் வந்தது, இருமலுக்கு நடுவிலும் சிரித்தாள். தனக்குள்ளிருந்து இப்படி ஒரு சத்தம் வருகிறதே என்று அவளுக்கே திகைப்பு.

பிறகு கஞ்சி வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுல என்ன போட்டீங்க?" என்றாள்.

"உப்புதான்."

"உப்பு இவ்வளவு நல்லாவா இருக்கும்!"

நடக்கப் பழகிய நாளில் ஒரு கையைக் கமலவேணியின் தோளிலும் மறு கையைச் சாமிதுரையின் தோளிலும் போட்டுக்கொண்டாள். வராந்தாவில் தலை கிறுகிறுத்து அவள் வலப்பக்கம் சாய, கான்ஸ்டபிளும் சாய, தலைப்பாகை கழன்று முழம் முழமாக அவிழ்ந்து ஓடியது.

"என்னைப் புடிக்க வந்தவரே வுழுந்துட்டா நான் எங்கங்க போவேன்?" என்று அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் குனிந்து துணியைச் சுருட்டியபடி தானும் சிரித்தார்.

அன்று பிற்பகல் கொளஞ்சி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். கமலவேணி கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"சிரிக்கறேன் நர்சம்மா. உள்ளார அது அப்படியேதான் இருக்குது."

"ரெண்டும் இருக்கட்டும். அது பெருசாச்சுன்னா வாய் தொறந்து சொல்லு. ஒத்தையில வெச்சுக்காத."

"யாருகிட்ட சொல்ல?"

கமலவேணி வாசலைப் பார்த்தாள். அங்கே முருகையன் நின்றிருந்தான். தினமும் வந்து, உள்ளே வரத் துணியாமல் வெளியிலேயே நின்றுவிட்டுப் போகிறவன்.

"உள்ள வாங்க" என்று அழைத்தாள்.

வந்தவன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். "எனக்கும் கொளந்த நெனப்புதான், கொளஞ்சி. சொன்னா நீ அழுவியேன்னு சொல்லல."

"நான் அழுதா நீங்களும் அழுங்களேன். யாரு வேணாங்கறா?"

இருவரும் அழுதார்கள். ஸ்டூலில் இருந்த சாமிதுரை தலைப்பாகை நுனியால் மூக்கைச் சிந்தினார். சர்க்கார் துணியில் மூக்குச் சிந்தும் போலீசைப் பார்த்ததும் இருவருக்கும் அழுகைக்கு நடுவே சிரிப்பு பீறிட்டது. நிறுத்தவே முடியவில்லை. கடைசியில் கமலவேணிதான் அதட்டி அடக்கினாள்.

வழக்கை விசாரித்த மாஜிஸ்திரேட் அவளை எச்சரித்து விட்டுவிட்டார். ஊருக்குத் திரும்பும் வண்டியில், "இன்னும் வெரசா ஓட்டுங்க" என்று கொளஞ்சி நச்சரித்தாள். பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டபோதெல்லாம் கூவினாள். மாடுகளும் உற்சாகமாக ஓடின.

துக்கம் அதோடு தீர்ந்துவிடவில்லை. சில காலைகளில் எழவே மனம் வராது. "இன்னிக்கு சரியில்லைங்க" என்பாள். முருகையன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அருகில் வந்து உட்காருவான். அதுவும் போதாத நாளில் கமலவேணியைப் பார்க்க இருவரும் அரியலூருக்கு நடப்பார்கள். போகும்போது பேச்சிருக்காது. திரும்பும்போது கொளஞ்சி கடைத்தெருவில் நின்று இரண்டு கை நிறைய வளையல் போட்டுப் பார்த்து, ஒன்றும் வாங்காமல் கடைக்காரரைச் சிரிக்க வைத்துவிட்டு வருவாள்.