மகளுக்கு அட்டை இல்லை

பல் டாக்டரின் முன்னறையில் போன் எடுக்கும் அந்தப் பெண்ணுக்கு ‘ஆறுமாச அக்கா’ என்று பெயர் வைத்தது யாரோ ஒரு பள்ளிப் பிள்ளை. காலை பத்து மணிக்கு நோட்டைப் பிரித்து வீடு வீடாக அழைப்பாள். “பையனைப் பார்த்து ஆறு மாசம் ஆச்சுங்க. வலி இல்லேன்னாலும் ஒரு தடவை காட்டிட்டுப் போயிடுங்க. வலிக்கிற வரைக்கும் விட்டா வேலை பெருசாயிடும்.” ஒன்பது வருஷமாக இதையே சொல்லி வந்தாள், குரலில் ஒரு பிசிறு இல்லாமல்.

அந்த ஒன்பது வருஷத்தில் அவள் சிகிச்சை அறையின் கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே போனதே இல்லை. நோயாளிகளின் அட்டைகளைக் கதவிடுக்கில் நீட்டுவாள், நர்ஸ் வாங்கிக்கொள்வாள். உள்ளே மெஷின் சத்தம் எழுந்தால், தேவையே இல்லாமல் பிரிண்டரை ஓடவிடுவாள்.

எட்டு வயதில் அவளுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். ஊசி போட்ட இடம் மரப்பதற்குள் குறடு வாய்க்குள் போய்விட்டது. திமிறிய அவளை நாற்காலியோடு அழுத்திப் பிடித்திருந்தது அவளுடைய அம்மா. வலி மறந்துபோயிற்று. அந்தக் கைகள் மறக்கவில்லை. தலை சீவ அம்மா பக்கத்தில் வந்தால்கூட வெகு நாள் அவள் தோள் சுருங்கும்.

அவளுடைய மகளுக்கு இப்போது ஏழு வயது. ஒரு தடவைகூட அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. “ஊருக்குத்தான் உபதேசமா?” என்று பேக்கரி வண்டி ஓட்டும் கணவன் சிரிப்பான். “பால் பல்லுதானே, விழுந்து முளைக்கப் போறது” என்பாள். பல் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவனும் விட்டுவிட்டான்.

நான்கு மாதத்துக்கு முன் பல் தேய்த்துவிடும்போது, மேல் கடைவாய்ப் பல்லில் பழுப்பாக ஒரு குழி தெரிந்தது. “துப்பும்மா” என்று சொல்லி விளக்கை அணைத்தாள். பிறகு மகள் ஒரே பக்கமாக மென்று சாப்பிட ஆரம்பித்தாள். அதையும் பார்த்தாள். பார்க்காத மாதிரி இருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பள்ளியிலிருந்து போன் வந்தது. “குழந்தைக்குக் கன்னம் வீங்கியிருக்கு. உடம்பு நெருப்பா கொதிக்குது. உடனே வாங்க.”

ஓடிப் போய்ப் பார்த்தாள். இடது கன்னம் பளபளவென்று உப்பி, கண் பாதி மூடியிருந்தது. வாயைத் திறக்க முடியாமல், “அம்மா” என்றது குழந்தை, பல்லிடுக்கால். ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் மகளின் மூச்சை எண்ணிக்கொண்டே வந்தாள்.

கண்ணாடிக் கதவு வரை ஓடியவளின் கால் அங்கே நின்றுவிட்டது. டாக்டரம்மாவே வெளியே வந்தார். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“கடைசியா எப்ப செக்கப் பண்ணீங்க?”

ஒரு நாளைக்கு இருபது பேரிடம் அவள் கேட்கும் கேள்வி அது. “போன வருஷம்... இல்ல டாக்டர். அட்டையே கிடையாது. ஒரு தடவைகூடக் காட்டல.”

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை. “சீழ் கண்ணுக்குக் கீழே பரவ ஆரம்பிச்சிருக்கு. பல்லை இப்பவே எடுத்துச் சீழை வெளியேத்தணும். ரெண்டு நாள் கழிச்சு வந்திருந்தா பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பியிருப்பேன். உள்ள வாங்க. நீங்க உட்கார்ந்து மடியில வெச்சுக்குங்க.”

“நான் பிடிக்க மாட்டேன் டாக்டர்!” அவள் போட்ட சத்தத்தில் காத்திருந்தவர்கள் திரும்பினார்கள். “கையைப் பிடிக்கச் சொல்லாதீங்க.”

“யாரும் பிடிக்க வேணாம். மரத்த பிறகுதான் தொடுவேன்.”

அவள் உள்ளே போனாள். நாற்காலியில் சாய்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள். குழந்தையின் முதுகு அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்ததா, அவள் நெஞ்சுதான் முதுகில் அடித்ததா என்று தெரியவில்லை. ஊசி போட்டார்கள். குழந்தை வீறிட்டது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

“இன்னும் கொஞ்ச நேரம் டாக்டர்” என்றாள். இரண்டாம் முறையும் சொன்னாள். மூன்றாம் முறையும். டாக்டர் ஒவ்வொரு முறையும் காத்திருந்தார். கடைசியில் குழந்தையே, “உதடு தலைகாணி மாதிரி இருக்கும்மா” என்றது.

குறடு உள்ளே போனபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மகள் திமிறுவாள், திரும்பித் தன்னை ஒரு பார்வை பார்ப்பாள் என்று உடம்பை இறுக்கிக் காத்திருந்தாள். “முடிஞ்சுது” என்ற குரல் கேட்டும் கண்ணைத் திறக்கப் பயம். திறந்தபோது மகள், ரத்தம் தோய்ந்த பஞ்சைக் கடித்தபடி, தட்டில் கிடந்த பல்லை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீக்கம் வடிய நான்கு நாள் ஆயிற்று. இன்னும் இரண்டு பல்லில் சொத்தை இருந்தது, அடைத்தார்கள்.

“எல்லாருக்கும் ஆறு மாசம்னு கணக்கு இல்ல” என்றார் டாக்டர். “முதல் பல் முளைச்சதும் ஒரு தடவை காட்டணும். அப்புறம் குழந்தையைப் பொறுத்தது. உங்க பொண்ணுக்குச் சீக்கிரம் சொத்தை விழுது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. பிறகு பார்த்துக்கலாம்.”

கணவனிடம் அந்தக் குழி பற்றி அவளே சொன்னாள். “என்கிட்டச் சொல்லியிருந்தா நான் கூட்டிட்டுப் போயிருப்பேனே” என்று மட்டும் சொன்னான். அதுதான் அவளை உலுக்கியது.

மூன்று மாதம் கழித்து மகளுக்குத் துணையாக உள்ளே நின்றாள். புதுச் சொத்தை இல்லை. மெஷின் சத்தம் கேட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். வெளியே போகவில்லை.