ஓகஸ்ட் மட்டும் பொறுங்கோ

ஜெசிதாவுக்குக் கல்யாணமாகி இரண்டாவது மாதமே பிரகாஸ் பிரான்சுக்குப் போய்விட்டான். ஒரு வருசத்தில் கூப்பிடுவேன் என்று சொல்லித்தான் போனான். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினான். வழியில் மறிபட்டு, போய்ச் சேர்ந்து, அகதி வழக்கு நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீடு செய்து, கடைசியில் வதிவிட அனுமதி அவன் கையில் கிடைத்தபோது அவளுக்கு முப்பத்தைந்து வயது.

அதுவரை அவள் குருநகரில் தாய்தகப்பனோடு இருந்தாள். தகப்பன் சிமியோன் தொழிலுக்குக் கடலுக்குப் போனார். அவள் யாழ்ப்பாணத்தில் பொன்மலர் என்ற சட்டத்தரணியின் கந்தோரில் தட்டெழுத்து வேலைக்குப் போனாள். காணி உறுதிகளும் சத்தியக்கடதாசிகளும்தான் வேலை. புருஷனிடம் போவதற்கு ஸ்பொன்சர் அலுவலாக வருகிற பெண்களுக்கு எத்தனை சத்தியக்கடதாசி தட்டியிருப்பாள் என்பது அவளுக்கே தெரியாது. அவர்கள் ஒவ்வொருத்தராக விமானமேறிப் போனார்கள். சிலர் அங்கிருந்து பிள்ளைகளின் படம் அனுப்பினார்கள்.

ஞாயிறு பின்னேரங்களைப் போக்க முடியாமல்தான் அவள் திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கத் தொடங்கினாள். யாழ்ப்பாணத்தாரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி, கல்யாணமான பெண் தன் சீதனக் காணியை விற்பதற்கும் கணவனின் சம்மதம் வேண்டும். ‘கணவனின் சம்மதத்துடன்’ என்ற சொற்களை வருசக்கணக்காகத் தட்டிய விரல்கள் அவளுடையவை. அதன் அர்த்தம் பாடமாக முன்னால் வந்தபோது அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்திற்குப் பிறகு அது பொழுதுபோக்காக இருக்கவில்லை.

“உதைப் படிச்சு என்ன செய்யப்போறாய்? இஞ்சை வந்தால் பிரெஞ்செல்லோ படிக்கவேணும்” என்று பிரகாஸ் தொலைபேசியில் சிரித்தான்.

“அதையும் படிப்பன்” என்றாள்.

கடைசிச் சோதனையும் பாஸாகி, சட்டத்தரணியாவதற்குரிய ஆறு மாதப் பயிற்சிக்குப் பொன்மலரிடமே சேர்ந்தாள். பொன்மலர் அவளைவிட இளையவர். ஆனாலும் ஜெசிதா அவரை ‘மிஸ்’ என்றுதான் கூப்பிட்டாள். அவர் இவளை ‘அக்கா’ என்றார். காலையில் கோவைகளைத் தூக்கிக்கொண்டு பொன்மலரின் பின்னால் கோட்டுக்குப் போவாள். மத்தியானத்தில் காணிப் பதிவகத்தில் பழைய பதிவேடுகளைப் புரட்டுவாள். கோட்டில் பயிற்சிக்காரருக்குப் பேச்சில்லை. பின்வாங்கில் இருந்து கேட்க வேண்டியதுதான். சட்டத்தரணிகள் எழும்பிக் கறுப்பு மேலங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு பேசத் தொடங்கும்போது அவளுடைய கால்களும் எழும்பப் பார்க்கும். புருஷனைத் தவிர வேறொன்றுக்காக இப்படி ஆசைப்பட முடியும் என்பது அவளுக்கே புதினமாக இருந்தது.

அந்த நாட்களில் கரவெட்டியிலிருந்து தர்சிகா என்ற பெண் விவாகரத்து வழக்குக்காக வந்தாள். புருஷன் சுவிஸில் இருந்தான். கதைப்பதை நிறுத்திப் பல வருசம். மனுவை எழுதும் வேலையைப் பொன்மலர் ஜெசிதாவிடம் கொடுத்தார். இவள் எழுதிக் கொண்டுபோய் வைத்தாள். வாசித்துக்கொண்டு வந்த பொன்மலர் ஓரிடத்தில் நிறுத்தினார். ‘எதிராளியின் குரல் வராதா என்று வழக்காளி ஒவ்வொரு பின்னேரமும் தொலைபேசியின் அருகிலேயே இருந்தாள்’ என்று அங்கே இருந்தது.

“தர்சிகா உப்பிடிச் சொன்னவவோ?”

ஜெசிதா சற்று யோசித்தாள். “இல்லை, மிஸ்.”

பொன்மலர் அவளை நிமிர்ந்து பார்க்காமலே அந்த வரியை வெட்டினார். “கடைசியா எப்ப கதைச்சவர், அதுக்குப் பிறகு கதைக்கேல்லை. கோட்டுக்கு அவ்வளவும் காணும், அக்கா.”

திருத்திய மனுவில் கையெழுத்து வைத்துவிட்டுத் தர்சிகா எழும்பாமல் இருந்தாள். “அக்கா, அவர் சுகமா இருக்கிறாரோ எண்டு கோட்டாலை விசாரிச்சுச் சொல்ல ஏலுமோ?”

“அது ஏலாது, தர்சிகா.”

“இல்லை, சும்மா கேட்டனான்” என்று சொல்லி அவள் குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த கிழமை ஜெசிதாவுக்கு விசா வந்தது. தாய் இராசாத்தி யாகப்பர் கோயிலுக்கு ஓடிப்போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தார். மூன்று மாதத்துக்குள் பிரான்சில் போய் இறங்க வேண்டும். பயிற்சி முடிய ஓகஸ்ட் ஆகும். இரண்டையும் வைத்துக் கணக்குப் பார்க்க அவளுக்குக் கடதாசிகூடத் தேவைப்படவில்லை.

பொன்மலர் ஒளிக்காமல் சொன்னார். “போங்கோ அக்கா, நான் மறிக்க மாட்டன். ஆனால் இடையிலை விட்டால் திரும்ப முதலிலையிருந்துதான் செய்யவேணும்.”

அன்று பின்னேரம் பிரகாஸ் தொலைபேசியில் எடுத்தான். விமான ரிக்கற் பார்த்துவிட்டதாகவும், வீட்டுக்கு ஒரு கட்டில் வாங்கிவிட்டதாகவும் சொன்னான். கட்டிலைப் பற்றி அவன் சொல்லி முடிக்கும்வரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஓகஸ்ட் மட்டும் பொறுங்கோ” என்றாள்.

“விசா பொறுக்காதே.”

“திரும்பப் போடலாம்தானே?”

“பதினொரு வருசம் பொறுத்தனான், ஜெசி.”

“நானும்தானே பொறுத்தனான்.”

அதற்குப் பிறகும் அவன் தொலைபேசியைத் துண்டிக்கவில்லை. பின்னால் ரயில் போகிற சத்தம் கேட்டது. அவன் ஒரு வார்த்தை அதட்டியிருந்தால் அவளும் அதட்டியிருப்பாள். அவன் அழுகிறானோ என்ற சந்தேகம் வந்ததும் அவளுக்குப் போய்விடலாம் போலிருந்தது. ‘வாறன்’ என்ற சொல் வாய்வரைக்கும் வந்தது, சொல்லவில்லை.

வீட்டில் இராசாத்தி கதையைக் குறைத்துக்கொண்டார். “ஆம்பிளையை எவ்வளவு காலத்துக்குத் தனிய இருக்கச் சொல்லுறது, பிள்ளை?” என்று ஒருநாள் மீன் வெட்டிக்கொண்டு கேட்டார்.

“நானும் தனியத்தான் அம்மா இருக்கிறன்” என்றாள் ஜெசிதா.

விசா முடிந்த நாளில் அவள் காணிப் பதிவகத்தில் இருந்தாள். உறுதி இலக்கம் ஒன்றைப் பிழையாக எழுதிக்கொண்டு வந்து, திரும்பப் போய்ப் பார்த்து எழுதினாள். அன்றைக்குத்தான் பல நாளைக்குப் பிறகு பிரகாஸ் எடுத்தான்.

“விசா முடிஞ்சுது என்ன?”

“ஓம்.”

பிறகு, “சத்தியப்பிரமாணத்துக்கு ஆர் கூட வருகினம்?” என்று கேட்டான்.

பயிற்சி முடிந்து, சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்ய அவள் போனபோது கொழும்புக்குத் தாயும் தகப்பனும் கூட வந்தார்கள். வெள்ளைச் சேலையும் கறுப்பு மேலங்கியுமாக அவள் வெளியே வந்தபோது சிமியோன் கிட்ட வரக் கூச்சப்பட்டுத் தள்ளியே நின்றார்.

பிரகாஸ் அகதி அனுமதியோடு இலங்கைக்கு வர முடியாது. ஆகவே இரண்டு பேரும் இந்தியாவில் சந்திப்பது என்றும், வேளாங்கண்ணியில் இரண்டு கிழமை தங்குவது என்றும் ஏற்பாடாயிற்று. பலாலியிலிருந்து விமானமேறித் திருச்சியில் இறங்கிய ஜெசிதா, வாசலில் நின்ற ஒரு நரைத்த மனிதனைக் கடந்து நடந்தாள். “ஜெசி” என்று குரல் கேட்டுத் திரும்பினாள். குரல் மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது; இத்தனை வருசத்தில் அவன் படம் அனுப்பியதுமில்லை, கமராவில் முகம் காட்டியதுமில்லை.

முதல்நாள் பின்னேரம் விடுதி அறையில் இருவருக்கும் பேச்சு வரவில்லை. சாப்பாடு நல்லதோ, பயணம் எப்படி என்பதோடு தீர்ந்துபோயிற்று. பிரகாஸ் எழும்பி வெளி விறாந்தைக்குப் போனான். சற்றுநேரத்தில் அவளுடைய தொலைபேசி அடித்தது.

“என்ன செய்யிறாய்?” என்றான், வழமையாகக் கேட்பதுபோல.

“சும்மா இருக்கிறன்” என்றாள். பிறகு, “உள்ளை வாங்கோவன்” என்றாள்.

பிறகு கதை வந்தது. கடற்கரையில் நடந்துகொண்டே, வழக்கொன்று எப்படித் தொடங்கும், நீதிபதி என்ன கேட்பார், நீ என்ன சொல்வாய் என்று அவன் ஒவ்வொன்றாகக் கேட்டான். அவள் எழும்பி நின்று பேசுவதுபோலவே பேசிக் காட்டினாள். “எனக்கு உது ஒண்டும் தெரியாமல் போச்சே” என்றான். வருத்தத்தோடுதான் சொன்னான். கட்டிலைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்றும், அதில் தனியே படுக்கப் பிடிக்காமல் நிலத்தில் படுப்பதாகவும் சொன்னான். இரண்டு கிழமையும் போனது தெரியவில்லை.

ஜெசிதா இப்போது பொன்மலரின் கந்தோரிலேயே தொழில் செய்கிறாள். விசாவுக்குத் திரும்பப் போட்டிருக்கிறார்கள், இன்னும் வரவில்லை. இந்தமுறை வந்தால் போவாயோ என்று தாய் கேட்டால், ஓம் என்கிறாள். உடனே அவளுக்கு அடுத்த வழக்குத் தவணை நினைவு வருகிறது.

முன்பு அவள் ஏங்கியது கல்யாணப் படத்தில் நின்ற மெலிந்த பொடியனுக்காக. அந்த ஏக்கம் பழகிப்போயிருந்தது. இப்போது அவளுக்கு ஆளைத் தெரியும். நித்திரையிலும் காலுறையைக் கழற்றாதவன். தேத்தண்ணியை ஆறவைத்து மறந்துவிடுகிறவன். சிரிக்கும்போது பல்லை மறைக்கிறவன். இந்த மனிதனுக்காக ஏங்குவது முன்னதைவிடக் கடினமாக இருக்கிறது. கோட்டில் எழும்பி நின்று பேசும்போது மட்டும் அந்த நினைவு கொஞ்சம் விலகி நிற்கும். பேசி முடித்து உட்கார்ந்ததும் வந்துவிடும்.