கேபிள் போனும் என் வாயும்

எங்கள் வீட்டுப் பழைய டெலிபோனைக் கொன்றது யார் என்று கேட்டால் மண் என்றுதான் சொல்லுவேன். கரிசல் மண் கோடையில் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும், மழையில் ஊறி உப்பும். வெடிக்கும்போது ஒருமுறை, உப்பும்போது ஒருமுறை, தனக்குள்ளே போகிற ஒயரைப் பிடித்து இழுத்துப் பார்க்கும். லைன்மேன் வருவார், தோண்டுவார், ஒட்டுவார், டேப் சுற்றுவார். "இனிமே கவலையில்ல அண்ணாச்சி" என்று கையைத் தட்டிக்கொண்டு கிளம்புவார். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் மண் வேறோர் இடத்தைப் பார்த்து வைத்திருக்கும்.

இத்தனை ஒட்டுகளுக்குப் பிறகு லைனில் ஓர் இரைச்சல் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. கடலை வறுக்கிற சத்தம். மழைக்காலத்தில் கூடவே கடுகும் வெடிக்கும். பேசுகிறவர் கத்த வேண்டும், கேட்கிறவர் மற்றக் காதை விரலால் அடைத்துக்கொள்ள வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்கு என் மனைவி தன் அண்ணனோடு பேசுவதைக் கேட்டு, தெருவில் போகிறவர்கள் சண்டை என்று நம்பி நிற்பார்கள். பாசம் என்று தெரிந்ததும் ஏமாந்து நடையைக் கட்டுவார்கள்.

அந்த அண்ணன், அதாவது என் மச்சான், விளாத்திகுளத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் மிளகாய் விவசாயம் செய்கிறார். எங்கள் கல்யாணம் ஆன புதிதில் வாரம் ஒருமுறை விளாத்திகுளம் வந்து டெலிபோன் பூத்திலிருந்து பேசுவார். கைபேசி வந்த பிறகு தினமும். அவர் ஊரில் சிக்னல் கிடைக்கிற இடம் மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே ஒரு கல் மட்டும்தான். அந்தக் கல்லில் உட்கார்ந்து அவர் கூப்பிட்டால்தான் பேச்சு. நாம் கூப்பிட்டால், தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் சொல்லுவாள். என் மனைவிக்கும் கைபேசி இருக்கிறது. ஆனால் அதில் பேசினால் காது சுடுகிறதாம். அதோடு, நடந்துகொண்டே பேசுவதெல்லாம் ஒரு பேச்சா என்பாள்.

மழை பெய்ததா இல்லையா, ஆடு குட்டி போட்டதா, மிளகாய் வத்தல் என்ன விலை போகிறது, முழங்கால் வலி எந்தப் பக்கம். இதுதான் தினசரிச் செய்தி. இதில் எனக்கு என்ன வேலை என்றால், ஒரு வேலையும் இல்லை. அதனால்தான் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு செய்திக்கும் விளக்கவுரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இது மில்லில் பிடித்த பழக்கம். நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்தவன் நான். மெஷின்கள் ஓடுகிற சத்தத்தில், மேனேஜருக்கு எதிரில் நின்று, சிரித்த முகத்தோடு, அவரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அவரும் தலையாட்டிவிட்டுப் போவார். ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்தால் இங்கே டெலிபோன் இரைந்துகொண்டிருக்கும்; ஓய்வு பெற்ற பிறகு முழுநேரமும் அதுதான். எனக்குச் சொந்த ஊருக்குத் திரும்பியது மாதிரி இருந்தது.

மச்சான் தாலுகா ஆபீசில் சத்தம் போட்டாராம், அதிகாரி எழுந்து நின்றுவிட்டாராம். "வீட்டுக்குக் கிளம்புத நேரமா இருந்திருக்கும்" என்பேன் நான். ஓர் ஆட்டை வாங்கி விற்றாராம். "அந்த யாவாரத்துல ஆடு மட்டுந்தான் லாபம் பாத்துச்சு." மீசைக்கு மை போட ஆரம்பித்திருக்கிறாராம். "மேல வெள்ளை, கீழ கறுப்பு, நடுவுல மூஞ்சி எந்தப் பக்கம் சேருததுன்னு தெரியாம முழிக்கும்." என் மனைவி கையை ஓங்குவாள். ஆனால் சிரித்தும்விடுவாள். அந்தப் பக்கத்திலிருந்து "ஏட்டி, என்ன சிரிக்க?" என்று கேட்டால், "டிவியிலண்ணே" என்பாள். டிவி அணைந்திருக்கும்.

இந்த வருஷம் மாசிக் கடைசியில் லைன் அடியோடு செத்தது. எங்கள் தெருவுக்கு டிவி கேபிள் போடுகிறவர் ஒரு கறுப்புப் பெட்டியோடு வந்தார். டிவி, நெட், போன் மூன்றும் அதற்குள்ளேயே இருக்கிறதாம், நம்பர்தான் மாறுமாம். கம்பத்துக்குக் கம்பம் மேலேயே கட்டி வந்த ஒயர். மண்ணுக்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. பெட்டியில் பச்சை விளக்குகள் கண் சிமிட்டின. "பேசிப் பாருங்க அண்ணாச்சி. மூச்சு விட்டாக்கூடக் கேக்கும்."

பேசிப் பார்த்தோம். விளாத்திகுளம் பஸ்ஸில் போன ஒருவரிடம் புது நம்பரைச் சொல்லியனுப்பினோம், மச்சான் தொட்டியடிக்குப் போய்க் கூப்பிட்டார். அடடா! அவர் வெற்றிலையைக் கடைவாய்க்கு மாற்றுவது கேட்டது. பின்னால் ஏதோ ஒரு வீட்டுக் கோழி கொக்கரித்தது கேட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, நானே கண்டுபிடித்த மாதிரி. அங்கே பேசுவது இங்கே இவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். இங்கே பேசுவது அங்கேயும் அதே தெளிவோடு கேட்கும் என்பது மட்டும் இந்த மண்டைக்குள் ஏறவில்லை. மில்லில் இத்தனை ஆட்களை மேய்த்தவன்!

முதல் இரண்டு நாள் அந்தப் பெருமையில் விளக்கவுரையையே மறந்திருந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம். மச்சான் வழக்கம்போல் பேசிக்கொண்டிருந்தார். இந்த வருஷ வத்தல் நல்ல நிறமாம், நமக்கென்று ஒரு சாக்கு தனியாக எடுத்துவைத்திருக்கிறாராம். வருஷா வருஷம் அனுப்புவதுதான். நான் சும்மா இருந்திருக்கலாம். "போன வருசம் வந்ததுல பாதி காம்பு, பாதி மண்ணு" என்றேன். என் மனைவி சிரித்தாள். அந்தப் பக்கம் வெற்றிலை மெல்லுகிற சத்தம் நின்றது. பிறகு, "சரி தாயி, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் ஏழு மணிக்குப் போன் அடிக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அப்புறமும் இல்லை. என் மனைவி ஆறரைக்கே வந்து உட்கார்ந்துவிடுவாள். எட்டு மணிவரை பெட்டியின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அவள் கூப்பிட்டால் தொடர்பு எல்லைப் பெண்தான் வந்தாள்.

"உடம்புக்கு ஏதும் முடியலையோ?" என்றாள்.

"தொட்டிக்கடியில உக்காந்து சளி பிடிச்சிருக்கும்" என்றேன்.

சிரிக்கவில்லை. இரண்டு தோசை ஊற்றி என் முன்னால் வைத்துவிட்டு, தனக்கு ஊற்றிக்கொள்ளாமல் அடுப்பை அணைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அண்ணனோடு பேசாமல் ஒரு வாரத்தைத் தாண்டியதில்லை. இந்த ஊரில் அவளுக்கு நான் இருந்தேன், பிள்ளைகள் இருந்தார்கள், எல்லாம் சரி. 'ஏட்டி' என்று கூப்பிடுகிற குரல் அது ஒன்றுதான்.

போனில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, கேபிள்காரரை வரச் சொன்னேன். வந்தார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தார், ஒயரை உருவிச் செருகினார், காபி குடித்தார். மறுபடியும் ஒயரை உருவிச் செருகினார், மறுபடியும் காபி வந்தது. "நான் வெளியில நின்னு கூப்பிடுதேன், அக்கா எடுங்க" என்று தெருவுக்குப் போனார். போன் அடித்தது. என் மனைவி எடுத்தாள். நான் பக்கத்தில், என்னுடைய வழக்கமான இடத்தில்.

"லைன் பாக்க வந்தாரா, காபி குடிக்க வந்தாரா?" என்றேன், மெதுவாகத்தான்.

"ரெண்டுக்குந்தான் அண்ணாச்சி" என்று ஜன்னல் வழியாகவும் ரிசீவர் வழியாகவும் ஒரே நேரத்தில் பதில் வந்தது.

அவர் உள்ளே வந்து, லைன் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். என் மனைவி ரிசீவரை வைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்குக் கடைசியா என்ன சொன்னீங்க?"

"எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?"

"பாதி காம்பு, பாதி மண்ணு."

அவளுக்கு ஞாபகம் இருந்தது. எனக்கும்தான் இருந்தது. விவசாயியிடம் அவன் வத்தலைப் பற்றி அப்படிச் சொல்வதற்கு, நேராகப் போய் முகத்தில் ஒன்று வைத்துவிடலாம். இதில் வேடிக்கை என்னவென்றால், டீக்கடையில் குழம்பைப் பற்றிப் பேச்சு வந்தால் "எங்க மச்சான் வத்தல் மாதிரி இந்த ஜில்லாவுலயே கிடையாது" என்று அளந்துவிடுகிறவனும் நானேதான். அது மட்டும் எந்தப் போனிலும் அவர் காதுக்குப் போகவில்லை.

"நீயும் சிரிச்சேல்லா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"அதையுந்தான் கேட்டிருப்பாவ" என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது.

மறுநாள் காலையில் விளாத்திகுளம் பஸ்ஸில் இருந்தோம். வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். நான் மன்னிப்புக் கேட்பதற்கு வசனம் தயார் செய்துகொண்டு வந்தேன். எதைத் தொடங்கினாலும் அது கேலியில் போய் முடிந்தது. எனக்கு வேறு சரக்கு கிடையாது.

மச்சான் வீட்டுக்கு முன்னால் களத்தில், சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். எதிரில் வத்தல் ஒரு குவியல். பக்கத்தில் சின்னதாக இன்னொரு குவியல். ஒவ்வொரு வத்தலாக எடுத்து, காம்பைக் கிள்ளி, துண்டால் துடைத்து, சின்னக் குவியலில் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்தார்.

"வாங்க மாப்ள. வா தாயி. வெயில்ல வந்திருக்கீய, மோர் குடிங்க."

திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஏண்ணே போன் பண்ணல?" என்றாள் என் மனைவி.

"வேலை கெடக்கில்லா." குவியலைக் காட்டினார். "டவுன்ல இருக்கவிய காம்போட சாப்பிட மாட்டாவ. இதை முடிச்சுட்டுப் பேசலாம்னு இருந்தேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "மச்சான், அது நான் சும்மா…"

"எது?"

"அன்னைக்குப் போன்ல சொன்னது."

"என்ன சொன்னீய? சொல்லுங்க மாப்ள. இங்கன இரைச்சல் ஒண்ணும் இல்ல, நல்லாக் கேக்கும்."

சொல்ல வைத்துவிட்டார். அவர் வீட்டுக் களத்தில், அவர் கையில் வத்தல் இருக்க, பாதி காம்பு பாதி மண்ணு என்று நான் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். மச்சான் கையில் இருந்த வத்தலின் காம்பைக் கிள்ளி, துடைத்து, சின்னக் குவியலில் போட்டார்.

"இதை ஏன் என்ட்ட சொல்லல? என் தங்கச்சிட்ட எதுக்குச் சொல்லணும்? நான் என்ன வேத்தாளா?" என்றார். பிறகு தங்கையைப் பார்த்து, "இது முதத் தடவையா, இல்ல முன்னாடியே உண்டா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். எனக்காக ஒரு பொய் சொல்லுவாள் என்று நினைத்தேன். "கல்யாணம் ஆனதுலேர்ந்தே உண்டுண்ணே" என்றாள்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்தா!" மச்சான் சாக்கில் உட்கார்ந்துவிட்டார். "இம்புட்டு வருசமா கேலி பண்ணிருக்காரு, ஒண்ணுகூட என் காதுல விழலையே! பதில் சொல்ல ஒரு வழி உண்டா எனக்கு?"

அவர் முகத்தில் இருந்தது கோபமில்லை. விருந்து நடந்து முடிந்த பிறகு சேதி கேள்விப்பட்டவரின் முகம் அது. என் கையைப் பிடித்து எதிரில் உட்கார வைத்தார். ஒரு கை வத்தலை அள்ளி என் மடியில் போட்டார். "கிள்ளிக்கிட்டே ஒண்ணொண்ணாச் சொல்லுங்க. நான் பதில் சொல்லணும்."

எனக்கு மறந்துவிட்டது என்றேன். "எனக்கு ஞாபகம் இருக்கு" என்று என் மனைவி எங்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தாள். தாலுகா ஆபீஸிலிருந்து தொடங்கினாள்.

"வீட்டுக்குக் கிளம்புத நேரமா? சாப்பாட்டு நேரம் மாப்ள அது! டிபன்பாக்ஸைத் தொறந்தவரு அப்படியே எந்திரிச்சாரு!"

ஆட்டு வியாபாரத்துக்கு மட்டும், "அது உள்ளதுதான்" என்று ஒத்துக்கொண்டார். மீசைக்கு வந்தபோது கிள்ளுவதை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கு மேலயும் முடியில்ல, கீழயும் முடியில்ல. மை செலவு மிச்சம்." என் மனைவி சிரித்த சிரிப்பில் அவள் மடியில் இருந்த வத்தல் எல்லாம் சிதறியது. நானும் சிரித்தேன். சிரித்த வேகத்தில் மிளகாய்க் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதன்பிறகு நான் பாட்டுக்கு அழுதுகொண்டிருந்தேன், மச்சான் பாட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பொழுது சாயும்போது குவியலில் பாதிகூட முடிந்திருக்கவில்லை. மச்சானுக்குப் பதிலும் முடியவில்லை. கிள்ளியதை மட்டும் ஒரு பையில் கட்டிக் கொடுத்தார். காம்பு போன வத்தல் நாள்படத் தாங்காது, சீக்கிரம் பொடியாக்கிவிட வேண்டும் என்றும் சொன்னார். "மிச்சத்தைக் காம்போடயே அனுப்புதேன். உங்களுக்குத்தான் வேலை வெட்டி இல்லியே, உக்காந்து கிள்ளுங்க." பஸ் ஏறும்போது தங்கையிடம், "நாளைக்கு ஏழு மணிக்கு மாப்ளையும் பக்கத்துல இருக்கட்டும்" என்றார்.

இப்போது போனுக்குப் பக்கத்தில் என் மனைவி எனக்கென்று ஒரு நாற்காலி போட்டிருக்கிறாள். ஏழு மணிக்கு அடிக்கிறது. அவர்கள் பேசுகிறார்கள், மழை, ஆடு, வத்தல், முழங்கால். நான் என் பங்கைச் சொல்லுகிறேன். ஆனால் ஒன்று: கேட்கிறார்கள் என்று தெரிந்த பிறகு எனக்கு முன்புபோல் வருவதில்லை. மத்தியானமே யோசித்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அப்படி யோசித்து வைத்த ஒன்றைத்தான் நேற்றும் சொன்னேன். அந்தப் பக்கம் வெற்றிலை மெல்லுகிற சத்தம் ஒரு கணம் நின்றது.

"இன்னைக்குச் சுமார்தான் மாப்ள" என்றார் மச்சான்.