நடுவாரத்துத் தலைக்குளியல்

வெள்ளிக்கிழமை காலையில் அம்முவின் தலைமுடியைப் பார்க்க வேண்டும். அடடா, அப்படியொரு முடி. இடுப்பு வரைக்கும் பொசுபொசுவென்று தொங்கும். மறுநாள் மத்தியானமே அதன் லட்சணம் தெரிந்துவிடும். வகிடு மினுமினுக்கும், முன்நெற்றி முடி கயிறு கயிறாகத் திரியும். செவ்வாய்க்கிழமைக்கெல்லாம், ஒரு சொட்டு எண்ணெய் வைக்காமலேயே, யாரோ நல்லெண்ணெய்க் கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துவிட்ட மாதிரி மண்டையோடு ஒட்டிக்கொள்ளும். சிலருக்கு உடம்பு வாகு அப்படி. அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

வேறு வேலையாக இருந்தால் போகிறது என்று விட்டிருப்பாள். அவள் வேலை பார்த்தது வண்ணாரப்பேட்டையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், அதிலும் கல்யாணப் பட்டுப் பிரிவில். பெண்வீட்டார் வந்து உட்கார்ந்தால் புடவையைத் தன் தோளில் போட்டுக் காட்ட வேண்டும். கடை திறக்குமுன் சூப்பர்வைசர் எல்லாப் பெண்களையும் வரிசையாக நிறுத்தி நகத்தையும் தலையையும் பார்ப்பார். பிசுக்குத் தலையோடு யாரும் பட்டைத் தொடக் கூடாது என்று ஒருநாள் பொதுவாகத்தான் சொன்னார். ஆனால் எல்லாரும் திரும்பிப் பார்த்தது அம்முவை. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம் அவள் செய்யாத வித்தை இல்லை. வகிட்டில் முகப்பவுடரைத் தூவி, விரலால் தேய்த்து, சீவி உதறுவாள். கொஞ்சம் கூடிப்போனால் பாதித் தலை நரைத்துவிடும். வேர்த்தாலோ, மாவு பிசைந்தது மாதிரி ஆகிவிடும். சீப்புப் பற்களுக்கு நடுவே மெல்லிய பருத்தித் துணியைச் செருகி வாரினால் துணி பாதிப் பிசுக்கைக் குடித்துக்கொள்ளும். ஒருநாள் இடப்பக்கம் வகிடு, மறுநாள் வலப்பக்கம். தலையணை உறையைத் தினம் மாற்றுவாள். வியாழக்கிழமை எதுவும் பலிக்காது. அன்றைக்கு இறுக்கமாகக் கொண்டை போட்டு, மல்லிகைச் சரத்தைச் சுற்றி, வாடிக்கையாளருக்கு முதுகைக் காட்டாமலே பொழுதை ஓட்டுவாள்.

தினம் தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பவர்கள், வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடியில் இருந்து பார்த்துவிட்டுக் கேட்கட்டும். மேலே குழாய் இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை. எல்லாம் கீழே அடிபம்பில் அடித்து, குடம் குடமாகத் தூக்கி வர வேண்டும். விடியற்காலையில் குடிதண்ணீரை அம்மு பிடித்து வைத்துவிட்டுப் போவாள். குளிக்கிற தண்ணீரை அவள் மாமியார் செல்லம்மா சாயங்காலத்தில் தூக்கி வருவாள். செல்லம்மாவுக்கு முட்டிவலி. ஆனாலும், நாளெல்லாம் கடையில் நின்று வருகிறவள் என்று சாயங்காலத்தில் அம்முவைக் குடம் தூக்க விடமாட்டாள். அம்முவின் முடிக்கு மூன்று குடமாவது கூடுதலாக வேண்டும். அதனால் வெள்ளிக்கிழமை மட்டும் தலைக்குளியல் என்பது யாரும் போடாமலே விழுந்த சட்டம். அம்முவின் புருஷன் ஜெயவேல் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். துறைமுக வாசலில் வரிசையில் நின்றால் நின்றதுதான், தண்ணீருக்கு அவனை நம்பி இருக்க முடியாது.

செல்லம்மா பொல்லாத மாமியாராக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. பாவம், அவள் ஒரு குடத்துக்கும் சலித்துக்கொண்டவள் அல்ல. அதனால்தான் அம்முவால் வாய்திறந்து கேட்க முடியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை சூப்பர்வைசர் அம்முவைக் கூப்பிட்டு, மறுநாள் காலையில் புதுப் பட்டுகளுக்கு வீடியோ எடுக்கப் போகிறோம், நீதான் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், தலைக்குக் குளித்துவிட்டு வா என்றார். அம்முவுக்குத் தலைகால் புரியவில்லை. படியேறும்போது எப்படிக் கேட்பது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வாசலுக்கு வந்தால், செல்லம்மா முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த முட்டியைப் பார்த்துக்கொண்டு, நான் அழகாக நிற்க வேண்டும், மறுபடி கீழே போய்த் தண்ணீர் தூக்கி வா என்று எந்த வாயால் சொல்வது?

"அத்தே, நான் உள்ள வரல," என்றாள். "கரோலினோட அம்மா செத்துட்டாங்க. அங்க போயிட்டுத்தான் வர்றேன்."

அது எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியாது. கரோலின் அவளோடு அதே பிரிவில் வேலை பார்க்கும் பெண், ராயபுரத்துக்காரி, வீட்டுக்கும் இரண்டொரு தடவை வந்திருக்கிறாள். அவள் அம்மா சிலுவையம்மாளுக்கு நெஞ்சு எரிச்சல் என்று அன்று காலையில் பேச்சு வந்தது. அதுதான் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்து விழுந்துவிட்டது போலிருக்கிறது.

சாவு வீட்டுக்குப் போய் வந்தவள் தலைக்கு ஊற்றாமல் வீட்டுக்குள் எதையும் தொடக் கூடாது. குடத்தையும்தான். செல்லம்மா தைலத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். அம்மு சுவரில் சாயாமல் வராந்தாவில் நிற்க, செல்லம்மா கீழே போவதும் மேலே வருவதுமாக இருந்தாள். ஒரு முனகல் இல்லை. எத்தனை வயசு, எப்படி ஆச்சு என்று கேட்டுக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேட்டிருந்தால் அது அம்முவின் ஆசைக்குத் தூக்கிய தண்ணீர். சாவு என்றால் யார் குற்றமும் இல்லை. இப்படித்தான் அம்மு அன்றைக்குத் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

வீடியோவில் முடி அலை அலையாக ஆடியது. சூப்பர்வைசரே பாராட்டினார். ஆனால் அம்முவால் அதை ரசிக்க முடிந்ததா? அன்று காலையில் கிளம்பும்போதே செல்லம்மா இன்னொரு சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுத்திருந்தாள். "தாயில்லாத புள்ள. அதுக்கு இனிமே யாரு ஆக்கிப் போடுவா?" அன்றிலிருந்து தினம் இரண்டு டப்பா. ஒருநாள் கருவாட்டுக் குழம்பு, ஒருநாள் கத்தரிக்காய்த் தொக்கு. கரோலின் விரலை நக்கிக்கொண்டே, உங்க அத்தைக்கு என்மேல் என்ன இவ்வளவு பாசம் என்பாள். அம்மு தலையைக் குனிந்துகொண்டு சும்மாதான் என்பாள். வேலை விட்டு வரும்போது மாரியம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றி, சிலுவையம்மாளுக்கு ஆயுசு கெட்டியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். அந்த அம்மாவுக்கு மட்டும் ஏதாவது ஆகிவிட்டால்?

இத்தனைக்குப் பிறகாவது அவளுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லையே. முகூர்த்த மாதம் பிறந்தபோது மறுபடியும் வீடியோ. அதுவும் வாரத்தின் நடுவில். இந்தத் தடவை அவள் விவரமாக இருந்தாள். கடை வாட்ச்மேனுக்கு இல்லாத ஓர் அண்ணனை உண்டாக்கி, அவரைச் சாகடித்தாள். இல்லாத ஆள் செத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? செல்லம்மா வாசலிலேயே நில்லு என்று சொல்லிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குடத்தோடு இறங்கினாள். அன்று மழை தூறி, படியெல்லாம் ஈரம்.

முதல் குடம் குளியலறைக்கு வந்துவிட்டது. இரண்டாவது குடத்தோடு அவள் ஏறி வரும்போது, குடம் உருளும் சத்தம்தான் முதலில் கேட்டது. அம்மு ஓடினாள். படித் திருப்பத்தில் செல்லம்மா ஒரு காலை மடக்கிக்கொண்டு விழுந்து கிடந்தாள். அம்மு தூக்கக் குனிந்தாள்.

"தொடாதடி. நீ இன்னும் தலைக்கு ஊத்தல."

வலியிலும் அவளுக்கு அதுதான் கவலை. யாரும் சாகவில்லை அத்தே என்று ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டு வாரித் தூக்கியிருக்கலாம். அம்மு சொல்லவில்லை. இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, ஒரு படி மேலே, பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது மாடி சாபிராதான் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்து செல்லம்மாவைத் தூக்கி உட்கார வைத்தாள். நீ போய்ச் சீக்கிரம் ஊற்றிக்கொண்டு வா, நான் ஆட்டோ பிடிக்கிறேன் என்றும் சொன்னாள்.

குளியலறையில் அந்த ஒரு குடம் இருந்தது. அம்மு மொண்டு ஊற்றினாள். ஊற்றினவள் அப்படியே வந்திருக்கலாம். ஜன்னல் விளிம்பில் ஷாம்பூப் பொட்டலம் இருந்தது. அவள் கை அதுபாட்டுக்குப் போய் எடுத்தது, கிழித்தது, தேய்த்தது. கீழே ஆட்டோவில் மாமியார் வலியில் துடித்துக்கொண்டிருக்க, இவள் நுரை போகத் தலையை அலசிக்கொண்டிருந்தாள். பொய் சொன்னதைக்கூட மன்னித்துக்கொள்ளலாம். அந்த ஷாம்பூவை மட்டும் அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் கணுக்கால் எலும்பு உடைந்திருப்பதாகச் சொல்லி மாவுக்கட்டுப் போட்டார்கள். பெஞ்சில் படுத்திருந்த செல்லம்மா கையை நீட்டி அம்முவின் முடியைத் தொட்டுப் பார்த்து, ஈரத்தோடு நிற்காதே, சளி பிடித்துக்கொள்ளும், துவட்டு என்றாள். அம்மு வராந்தாவுக்கு ஓடிப் போய் அழுதாள். சேதி கேட்டு வந்த ஜெயவேல் அங்கே ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. எவனோ செத்ததுக்கு எங்கம்மா கால் உடையணுமா என்று சுவரில் குத்திக்கொண்டான். அம்மாவுக்கு ஒன்றென்றால் அவன் மனுஷனாக இருக்க மாட்டான்.

அதற்கப்புறம் காலையும் மாலையும் எல்லாத் தண்ணீரையும் அம்முவே தூக்கினாள். தூக்கிய தண்ணீரில் ஒரு சொம்பைக்கூடத் தன் தலையில் ஊற்றிக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. பவுடர் இல்லை, சீப்புத் துணி இல்லை. வெள்ளிக்கிழமையும் போனது, அடுத்த வெள்ளிக்கிழமையும் போனது. சூப்பர்வைசர் அவளைப் பட்டுப் பிரிவிலிருந்து கீழ்த்தளத்தில் நைட்டிப் பிரிவுக்கு மாற்றினார். எனக்கு இது வேண்டும் என்று அம்மு பேசாமல் போய் நின்றாள்.

சாப்பாட்டு டப்பா நின்றுபோனதால் கரோலினுக்குச் செல்லம்மாவின் கால் உடைந்த விஷயம் தெரிய வந்தது. உங்க அத்தையைப் பார்க்க வேண்டும், எங்க அம்மாவும் வருகிறேன் என்கிறார்கள் என்றாள். டாக்டர் யாரையும் பார்க்க விடவில்லை, அத்தை தூங்கிக்கொண்டே இருக்கிறார்கள் என்று அம்மு தட்டிக் கழித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் கதவைத் தட்டினார்கள். கறிக்கடைக்குப் போயிருந்த ஜெயவேல்தான் என்று நினைத்துத் திறந்தாள் அம்மு. கரோலினும், அவள் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு டிபன் கேரியரோடு ஒரு பருத்த அம்மாளும் நின்றார்கள்.

"எங்கம்மா," என்றாள் கரோலின் கட்டிலைப் பார்த்து.

சிலுவையம்மாள் நேராகப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து செல்லம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எம்பொண்ணுக்கு நீ ஆக்கிப் போட்ட குழம்பை நானும் மிச்சம் மீதி தின்னேன், உன் கைக்குத் தங்க வளையல் போடணும் என்றாள். உடைந்த எலும்பு ஒட்டுவதற்கு நண்டு ரசம் வைத்துக்கொண்டு வந்திருப்பதாகச் சொன்னாள். காசிமேட்டில் அவளே பொறுக்கி எடுத்த நண்டாம். செல்லம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். கரோலினைப் பார்த்தாள். கடைசியில் கதவோரம் நின்ற அம்முவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்முவுக்குத் தரை பிளந்து விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

"அம்மு, காபி போடு," என்றாள் செல்லம்மா. அவ்வளவுதான்.

காபி கொதிக்கும் வரை உள்ளே பேச்சு சகஜமாக ஓடியது. முட்டிவலி, மீன் விலை, மெட்ரோ ரயில். நெஞ்சில் எரிச்சல் அடிக்கடி வருகிறது, எல்லாம் வெறும் வாயுதான், நான் எங்கே சாகப் போகிறேன் என்று சிலுவையம்மாள் சிரித்தாள். செல்லம்மா சிரிக்கவில்லை. அவள் தோளைத் தொட்டு, "நீ நல்லா இருக்கணும்க்கா," என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

அவர்கள் படியிறங்கிப் போனதும் செல்லம்மா அம்முவைப் பக்கத்தில் கூப்பிட்டாள். அந்த வாட்ச்மேனின் அண்ணன் என்று ஆரம்பித்தாள். அம்மு இல்லை என்று தலையாட்டினாள். தலைக்கு ஊற்றவா இதெல்லாம் என்று கேட்டாள் செல்லம்மா. அதற்கு ஆமாம் என்று தலையாட்டத்தான் முடிந்தது.

"கேட்டிருந்தா ஊத்தியிருப்பேனேடி."

திட்டியிருக்கலாம். கையில் கிடைத்ததை எடுத்து வீசியிருக்கலாம். அம்மு அதற்காகவே நின்றுகொண்டிருந்தாள். அதற்குள் ஜெயவேல் கறிப்பையோடு உள்ளே வந்தான். படியில் கரோலினைப் பார்த்ததாகச் சொன்னவன், கூட வந்த அம்மா யார் என்று கேட்டான்.

செல்லம்மா முந்திக்கொண்டாள். "செத்துப்போனாங்களே, அவுங்க தங்கச்சி. எனக்கு நண்டு ரசம் கொண்டாந்தாங்க."

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். சொல்லும்போது பார்வை சுவர்ப்பக்கம் போனது. ஜெயவேல் அதைக் கவனிக்கவில்லை, பாவம் என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனான். இனி இந்தப் பேச்சு இந்த வீட்டில் எழாது என்று அம்முவுக்குத் தெரிந்தது. மாமியார் இவளுக்காகத் தண்ணீர் தூக்கினாள், காலை உடைத்துக்கொண்டாள், இப்போது பெற்ற பிள்ளையிடம் பொய்யும் சொல்லிவிட்டாள். அதைத்தான் அம்முவால் தாங்க முடியவில்லை.

"தங்கச்சி இல்லங்க," என்றாள். செல்லம்மா சும்மா இரு என்று கையைக் காட்டினாள். அம்மு நிறுத்தவில்லை. "அவுங்கதான் கரோலினோட அம்மா. யாரும் சாவல. வாட்ச்மேன் வூட்லயும் யாரும் சாவல. எனக்குத் தலை பிசுக்கா இருந்துச்சு."

ஜெயவேல் விளையாட்டு என்று நினைத்து முதலில் சிரித்தான். பிறகு அம்மாவின் காலைப் பார்த்தான்.